வலப்பக்கம் சாய்ந்த வாகனம்

எங்கள் பிக்கப் ஒரு பக்கம் சாய்கிறது என்று முதலில் சொன்னவள் என் தங்கை. ஓட்டுகிறவள் நான். ஆனாலும் எனக்குத் தெரியவில்லை. தினமும் பார்க்கிற பொருளில் வருகிற மாற்றம் கண்ணுக்குப் படாது போலும்.

கொடிகாமம் சந்தையிலிருந்து தேங்காய் ஏற்றிக்கொண்டு சாவகச்சேரியைத் தாண்டும்போது அவள், "அக்கா, நான் உன்ரை பக்கமாய் வழுக்கி வாறன். வாகனம் சரிஞ்சு ஓடுது" என்றாள். நான் சிரித்தேன். றோட்டுத்தான் சரிவு என்றேன். "றோட்டுச் சரிவெண்டால் கரைப்பக்கமாயெல்லோ சரியவேணும்? நாங்கள் நடு றோட்டுப் பக்கமாய்ச் சரியிறம்" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அவளுக்கு ஏன் முதலில் தெரிந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டு தென்மராட்சியில் சண்டை நடந்தபோது ஊரோடு இடம்பெயர்ந்தோம். அந்த ஓட்டத்தில் ஷெல் விழுந்து அவளுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அன்றிலிருந்து செயற்கைக் காலோடுதான் நடக்கிறாள். வாகனம் வலப்பக்கம் சரிந்தால் நாங்கள் வலது காலை ஊன்றிச் சமாளித்துக்கொள்வோம். அவளுக்கு அது முடியாது. அதனால் எங்களுக்குத் தெரியாத சரிவு அவளுக்குத் தெரியும்.

இந்தப் பிக்கப் என் கணவர் வாங்கியது. 1980களில் செய்த ரொயோட்டா ஹைலக்ஸ். ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில், 2004இல், கொழும்பிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தார். 2006 ஓகஸ்டில் பாதை பூட்டுப்பட்டது. 2007இல் ஒரு நாள் காலை சைக்கிளில் கடைக்குப் போனவர் இன்றுவரை திரும்பவில்லை. அதன்பின் நாலு வருடம் பிக்கப் ஓலைக் கொட்டிலுக்குள் கிடந்தது. கோழிகள் அதற்குள் முட்டையிட்டன. மழைக்காலத்தில் விறகு நனையாமல் இருக்க அதன் மேல்தான் அடுக்குவேன். 2012இல் நான் வாகனம் பழகி, சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து, அதை வெளியே எடுத்தேன். கொடிகாமத்திலிருந்து திருநெல்வேலிச் சந்தைக்குத் தேங்காய் கொண்டுபோவதுதான் தொழில். பிக்கப் ஓட்டி வந்த பெண்ணைப் பார்க்கச் சந்தையில் முதல் மாதம் ஆட்கள் கூடினார்கள். பிறகு கூடவில்லை. தேங்காய் விலைதான் கேட்டார்கள்.

தங்கை சொன்ன அன்று மாலை வாகனத்தை முற்றத்தில் விட்டுப் பின்னால் போய் நின்று பார்த்தேன். உண்மைதான். பின்பக்க வலது மூலை தாழ்ந்திருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன், 2021இல், ஒரு கராஜில் இதே வாகனத்துக்கு ஒரு வேலை செய்திருந்தோம். அப்போது முன்பக்கம் வலது பக்கம் கொஞ்சம் பதிகிறது என்று அங்கிருந்த பொடியன் சொன்னான். இந்த வாகனத்துக்கு முன்பக்கம் வில்லுத் தகடு கிடையாது. செசிக்குக் கீழே நீளத்துக்கு ஒரு முறுக்குக் கம்பி ஓடும். சில்லு மேலே எழும்பும்போது அந்தக் கம்பி முறுகி மறுபடி நிமிரும். அதன் நுனியில் ஒரு போல்ற் இருக்கிறது. அதை இறுக்கினால் அந்தப் பக்கம் உயரும். பொடியன் பத்து நிமிடத்தில் இறுக்கிவிட்டுக் காசு வாங்கினான். வாகனமும் நேராகத்தான் நின்றது. மூன்று மாதத்தில் வலது முன் ரயர் மற்றதைவிட வேகமாகத் தேய்ந்தது. பிரேக் போடும்போது வாகனம் ஒரு பக்கம் இழுத்தது. ரயர் பழுது என்று நினைத்து ரயர் மாற்றினேன். மூலகாரணத்தைத் தேடவில்லை.

இந்த முறை அந்தக் கராஜுக்குப் போகவில்லை. அதற்குள் ஒரு தரகர் வீட்டுக்கு வந்துவிட்டார். சந்தையில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். வாகனத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார், குனிந்து பார்த்தார், நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"அக்கா, இது செசி வளைஞ்சு போச்சு. இனி நிமித்த ஏலாது. இரும்பு விலைக்குத்தான் போகும். புத்தகமும் அண்ணையின்ரை பேரிலை கிடக்குது. ஆர் வாங்கப் போறான்? நான் எண்டபடியால் ஏதோ பாத்துத் தாறன்."

எனக்கு நெஞ்சு அடைத்துப் போனது. செசி என்பது வாகனத்தின் முதுகெலும்பு. அது வளைந்தால் வாகனம் முடிந்ததுதான். புத்தகம் அவர் பெயரில் இருப்பதும் உண்மை. மரணச் சான்றிதழ் எடுத்தால் எல்லாம் இலகு என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். நான் எடுக்கவில்லை. 2016இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தின்படி, காணாமற்போனவர் என்றே சான்றிதழ் பெற்று அவருடைய சொத்தைக் குடும்பத்தார் பராமரிக்க வழி இருக்கிறது. அதைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன். வாகனத்தை விற்பதற்கு எனக்கு மனமும் இல்லை.

ஆனால் தரகர் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருந்தது. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. ஐந்து வருடம் கழித்து 2025 பெப்ரவரியில்தான் அது பழையபடி தொடங்கியது. நான் சொல்லும் சம்பவம் 2023இல் நடந்தது. புது வாகனம் நாட்டுக்குள் வராத அந்த நாட்களில் பழைய வாகனங்களின் விலை ஏறிக்கொண்டு போனது. ஓடுகிற பிக்கப் ஒன்றை இரும்பு விலைக்குக் கேட்பதென்றால் என்ன கருத்து? தங்கைதான் இதைக் கணக்குப் போட்டுச் சொன்னாள். "அவர் செசியை நூல் பிடிச்சுப் பாத்தவரோ? கண்ணாலை பாத்திட்டு எப்பிடிச் சொல்லுவார்?"

வரணிப் பக்கம் ஒரு வயோதிப மெக்கானிக் இருக்கிறார். எல்லோரும் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். பலகை போட்ட கராஜ் எல்லாம் இல்லை, வீட்டு வளவில் ஒரு மாமர நிழல்தான். 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் வராத காலத்தில் ஏ40 கார்களையும் மொறிஸ் மைனர்களையும் மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர்களில் ஒருவர். ஒரு சிறு போத்தல் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் புகை மணம் உங்களில் பலருக்கு இப்போதும் நினைவிருக்கும். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் வந்தபோது அவரும் வந்தவர். சைக்கிள் கரியரில் உடுப்பு மூட்டை கட்டவில்லையாம், ஸ்பானர் பெட்டியைத்தான் கட்டினாராம். மனைவி இன்னும் அதைச் சொல்லிப் பேசுவா.

நான் சாய்வைச் சொன்னதும் ஐயா வாகனத்தைப் பார்க்கவே இல்லை. முதலில் கேள்விதான் கேட்டார். வெறுமையாய் நிற்கும்போதும் சாயுதோ, பாரத்தோடு மட்டுமோ? திடீரெண்டு வந்ததோ, மெல்ல மெல்ல வந்ததோ? பாரத்தை எந்தப் பக்கத்தாலை ஏத்திறனீங்கள்?

அந்தக் கடைசிக் கேள்விக்கு நான் விறைத்துப் போனேன். எங்கள் கிணறு உவர். குடிதண்ணீர் வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். இருநூறு லீற்றர் பீப்பா ஒன்றை எப்போதும் சாரதிப் பக்கத்துக்குப் பின்னால், வலது மூலையில்தான் வைப்பேன். எங்கள் ஒழுங்கை ஒடுக்கம், இடப்பக்கம் வேலியோடு உரசும், வலப்பக்கத்தால்தான் குழாய் எட்டும். இருநூறு லீற்றர் தண்ணீர் என்றால் இருநூறு கிலோ. அதற்கு முன்னால் நான் இருக்கிறேன். இது பத்து வருடப் பழக்கம்.

"பிள்ளை, உது ஒரு நாளிலை வந்த வருத்தமில்லை" என்றார் ஐயா.

வாகனத்தை நெல் காயப்போடும் சீமெந்துத் தளத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். நாலு ரயருக்கும் காற்றை ஒரேயளவாக அடித்தார். பெட்டியிலிருந்த சாக்கு, கயிறு, பழைய பலகை எல்லாவற்றையும் இறக்கினார். தங்கை தன் தையல் நாடாவை எடுத்து, சில்லின் நடுவிலிருந்து மேலே மட்காட் விளிம்பு மட்டும் நாலு மூலையிலும் அளந்தாள். நிலத்திலிருந்து அளந்தால் ரயரின் தேய்வும் அதற்குள் சேர்ந்துவிடுமாம். பின் வலது மூலை இரண்டரை அங்குலம் குறைவு. முன் வலது அரை அங்குலம் குறைவு.

பிறகு வாகனத்தைத் திருப்பி, மூக்கை எதிர்த்திசைக்கு வைத்து, அதே இடத்தில் நிறுத்தித் திரும்பவும் அளக்கச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். தளமே சரிவாக இருந்தால் திருப்பியதும் சாய்வு மற்றப் பக்கத்துக்குப் போய்விடும். அதே பக்கம் நின்றால் பிழை வாகனத்தில்தான். அதே பக்கம்தான் நின்றது. இது எந்தக் கருவியும் இல்லாமல் எவரும் வீட்டில் செய்து பார்க்கக்கூடியது என்பதால்தான் விரித்து எழுதுகிறேன்.

அடுத்தது செசி. நான் பயந்திருந்த பரீட்சை அதுதான். செசியில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் துளைகளைத் தெரிந்து, ஒவ்வொன்றிலுமிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, அது தொட்ட இடத்தில் தளத்தில் சோக்கால் புள்ளி வைத்தார். வாகனத்தைத் தள்ளி அப்பால் விட்டார்கள். தரையில் நாலு புள்ளிகள் மட்டும் இருந்தன. முன் இடதிலிருந்து பின் வலதுக்கு ஒரு நூல், முன் வலதிலிருந்து பின் இடதுக்கு ஒரு நூல். செசி ஒரு பக்கமாகக் கோணியிருந்தால் இரண்டு நூலும் ஒரே நீளம் வராது. தங்கை ஒரு நுனியைப் பிடித்தாள், நான் மறு நுனியைப் பிடித்தேன். முதல் நூலை அளந்து முடிச்சுப் போட்டு இரண்டாவதில் வைத்தோம். முடிச்சு புள்ளியின் மேலேயே வந்து நின்றது.

"செசிக்கு ஒண்டுமில்லை" என்றார் ஐயா, நாளைக்கு மழை வராது என்று சொல்வதுபோல. நான் தளத்திலேயே இருந்துவிட்டேன். தங்கைதான் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

பிறகு பிழை முன்பக்கமா பின்பக்கமா என்று பார்க்க வேண்டும். முன் சில்லுகளுக்குக் கல் அண்டை கொடுத்து, பின்பக்கச் செசியின் குறுக்குச் சட்டத்தில் சரி நடுவில் ஜக்கை வைத்துத் தூக்கினார். அப்படித் தூக்கினால் பின் வில்லுகளுக்கு அந்த நேரம் வேலை இல்லை. முன்பக்கம் தன்பாட்டில் எப்படி நிற்கிறது என்று தெரியும். தங்கை முன் இரண்டு மூலையையும் அளந்தாள். இதுவரை அரை அங்குலம் குறைந்திருந்த முன் வலது மூலை இப்போது அரை அங்குலம் கூடியிருந்தது!

ஐயா உடனே கீழே குனிந்து முறுக்குக் கம்பியின் போல்ற்றைப் பார்த்தார். "ஆரோ இறுக்கியிருக்கினம்" என்றார். பின்பக்கம் பதிந்ததால்தான் முன்பக்கமும் பதிந்திருக்கிறது. அதை அறியாமல் முன்பக்கத்தை முறுக்கி உயர்த்தியபோது பாரம் அந்த ஒரு சில்லிலும் அதற்குக் குறுக்கே இருந்த பின் இடது சில்லிலும் போய் விழுந்திருக்கிறது. என் ரயர் தேய்ந்த கணக்கு அப்போதுதான் எனக்கு விளங்கியது.

தங்கை சிரிக்கத் தொடங்கினாள். "என்ரை காலும் உப்பிடித்தானே அக்கா" என்றாள். அதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். வாசிப்பவர்களில் செயற்கைக் கால் போட்டவர்கள் இருப்பீர்கள். அவள் கால் பெற்றது யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையத்தில். ராஜஸ்தானில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற மருத்துவரும் 1960களின் இறுதியில் உருவாக்கிய றப்பர்ப் பாதம் அது. வெறுங்காலோடு வரம்பிலும் நடக்கலாம். சில வருடத்துக்கு முன் அவளுக்குக் கால் கட்டையாகிவிட்டதுபோல் இருந்தது. இடுப்பு நோ வந்தது. காலை நீட்டித் தரச் சொல்லிக் கேட்கலாம் என்று போனோம். அங்கே இருந்தவர் அவளை நேராக நிறுத்தி, இரண்டு இடுப்பெலும்பிலும் கைவைத்துப் பார்த்தார். பிறகு காலைக் கழற்றி எஞ்சிய காலைப் பார்த்தார். அது மெலிந்து, கிண்ணத்துக்குள் ஆழமாக இறங்கிப் போயிருந்தது. செயற்கைக் கால் கட்டையாகவில்லை. ஒரு தடிப்பான உறை கூடப் போட்டதும் சரியாகிவிட்டது. கேட்டபடி காலை நீட்டியிருந்தால் பிழையின் மேல் இன்னொரு பிழையாகியிருக்கும் என்று அவர் சொன்னாராம்.

இனிப் பின் வலது வில்லு. வெளியே பார்க்கத் தகடுகள் எல்லாம் முழுசாகத்தான் இருந்தன. சேறும் துருவும் மூடியிருந்தது. ஐயா கம்பித் தூரிகையால் உரஞ்சி, அச்சோடு பிடிக்கும் யூ போல்ற்றுகளுக்குப் பழைய டீசல் பூசி ஓர் இரவு ஊற விட்டார். மறுநாள் பனங்குற்றி அண்டை வைத்த பின்தான் உள்ளே போனார். ஜக்கை மட்டும் நம்பி வாகனத்துக்குக் கீழே போகக்கூடாது என்று பொடியன்களுக்கு ஏசி ஏசியே அவருக்குத் தொண்டை போய்விட்டது.

தகடுகளைப் பிரித்தபோது இரண்டாவது தகடு இரண்டு துண்டாகக் கையில் வந்தது. நடு போல்ற் போகும் துளையோடு முறிந்திருந்தது. மேல் கீழ்த் தகடுகளின் இறுக்கம்தான் அதை முழுசுபோல் காட்டியிருக்கிறது. முறிந்த முகத்தில் பாதிக்கு மேல் கறுத்துத் துருப்பிடித்திருந்தது, மிச்சம் புதுசாக மினுங்கியது. கறுத்த பகுதி பழைய வெடிப்பு, மினுங்கிய பகுதி அண்மையில் விட்டது. அந்தப் பழைய வெடிப்போடு நான் எத்தனை நாள் அறுநூறு, எழுநூறு தேங்காயும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு ஓடினேனோ தெரியாது.

ஒட்டித் தரலாம், செலவு குறைவு என்று பக்கத்தில் நின்ற வெல்டிங் பொடியன் ஒருவன் சொன்னான். ஐயா விடவில்லை. வில்லுத் தகடு பதம் கொடுத்த உருக்கு. நெருப்புப் பட்டால் அந்த இடத்தில் பதம் போய்விடும். ஒட்டு நிற்கும், ஒட்டுக்குப் பக்கத்தில் முறியும்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றுவோமா என்று நான் கேட்டேன். காசுக் கணக்குத்தான். அதற்கும் அவர் இணங்கவில்லை. ஒரு பக்கம் நல்ல வில்லும் மறு பக்கம் களைத்த வில்லும் போட்டால் அடுத்த வருடம் இடப்பக்கம் சாய்ந்துகொண்டு வருவீர்கள் என்றார். கொழும்பில் பஞ்சிகாவத்தையில் பாவித்த சோடி ஒன்று எடுப்பித்தோம். 2022 நெருக்கடிக்குப் பிறகு உதிரிப்பாக விலை எல்லாம் பழைய விலை இல்லை. எனக்கு இரண்டு மாத உழைப்புப் போனது. வீட்டு வாசலில் வாரக் கடன் தருகிறவர்கள் வந்து நின்றார்கள். 2018இல் அரசாங்கமே பெண்களின் நுண்கடன்களில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யவேண்டி வந்தது எதனால் என்று எங்கள் ஒழுங்கையில் கேட்டால் நாலு வீட்டில் சொல்வார்கள். நான் சீட்டுக்காசை முன்கூட்டிக் கேட்டு வாங்கினேன். கழிவு கூடத்தான் போனது. ஆனாலும் நித்திரை கொள்ளலாம்.

தகடுகளுக்கு இடையில் கிறீஸ் பூசி, கண்களில் புது றப்பர் புஷ் போட்டுப் பூட்டினார். பிறகு முன்பக்கப் போல்ற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். ஒவ்வொரு முறையும் வாகனத்தை முன்னும் பின்னும் உருட்டி நிறுத்தித் தங்கையை அளக்கச் சொன்னார். நாலாவது தடவை இரண்டு பக்கமும் ஒன்றாக வந்தது. பின்பக்கத்தில் கால் அங்குல வித்தியாசம் இருந்தது. அது பாவித்த வில்லுக்குக் குற்றமில்லை என்றார்.

முறிந்த தகட்டை எங்கே எறிவது என்று கேட்டேன். எறிவதோ என்று பேசினார். வில்லுத் தகட்டு உருக்குக்கு ஈடான கத்தி இரும்பு கிடையாது. கொல்லர் பட்டறையில் கொடுத்து அடிப்பித்தோம். அதில் ஒரு கொடுவாக்கத்தியும் ஒரு சின்னக் கத்தியும் வந்தன. கொடுவாக்கத்தி வாகனத்திலேயே கிடக்கிறது, சந்தையில் தேங்காய் உடைத்துக் காட்ட.

தரகர் இன்னொரு முறை வந்தார். வாகனம் நேராக நிற்பதைப் பார்த்துவிட்டு, போன முறை சொன்ன விலையைப்போல் இரண்டரை மடங்கு சொன்னார். நான் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

தண்ணீர்ப் பீப்பாவை இப்போது பெட்டியின் நடுவில், அச்சுக்கு நேர் மேலே வைக்கிறேன். அதற்காக ஆறு யார் குழாய் கூட வாங்க வேண்டி வந்தது. தங்கை ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு தையல் நாடாவோடு போய் நாலு மூலையையும் அளந்து கொப்பியில் எழுதுகிறாள். பழைய பாலர் வகுப்புக் கொப்பி அது, முன்பக்கத்தில் என் மகளின் அ, ஆ இருக்கிறது. போன மாதம் பின் வலதில் கால் அங்குலம் குறைவு என்று இருந்தது. ஐயாவிடம் காட்டினோம். அடுத்த மாதமும் அளந்துகொண்டு வரச் சொன்னார்.